கழுவிய காரட்டும் நான் சொன்ன வார்த்தையும்

என் அருளுக்கு,

நீ சாவதற்கு முந்தின வாரம் மேல்காட்டில் விதைத்த காரட்டைப் பிடுங்கிவிட்டோம். பிடுங்க வேண்டிய நாள் தாண்டி மூன்று வாரம் மண்ணிலேயே கிடந்தது. அந்தப் பாத்திக்குள் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாதிக்குப் பாதி வெடித்துப்போயிருந்தது. மறையூர் வியாபாரி வந்து ஒன்றை ஒடித்துப் பார்த்தார். முற்றிப்போய் நடுவில் கட்டை விழுந்திருந்தது. வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ரோசிதான் பிடுங்கலாம் என்றாள். இந்த நான்கு மாதத்தில் உன் மனைவி என்னிடம் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். துக்கம் என்று நினைத்தேன். ஒரே தொட்டியில் கழுவுவோம், ஆளுக்கொரு முனையைப் பிடித்து மூட்டை தைப்போம். ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

நீ போன அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. ரோசியும் குழந்தை ஜெனியும் உடும்பஞ்சோலையில் அவள் அம்மா வீட்டில் இருந்தார்கள். மூணாறு ரோட்டில் மண் சரிகிறதாம், நாளைக்குப் போகிறேன் என்றாய். முந்தின போகத்துக் காரட்டைக் கழுவி வைத்திருந்தோம்; கழுவியது ஒரு நாள் கிடந்தால் கறுத்துவிடும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

"இன்னிக்கே கொண்டு போயிருடா. மெதுவா ஓட்டு" என்றேன்.

நீ தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு ஜீப்பில் ஏறினாய். சின்ன வயதில் எதற்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறாய்! அன்றைக்கு மட்டும் ஏன்டா எதிர்த்துப் பேசவில்லை?

ஜீப் உருண்ட வளைவுக்குக் கீழே உன்னைத் தூக்கும்போது தேயிலைச் செடிகளுக்குள் காரட் சிதறிக் கிடந்ததாகச் சொன்னார்கள். வந்தவர்கள் எல்லாரும் மழையைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். பாரம் குறையவில்லை.

மேல்காட்டுக் காரட்டைக் கழுவும்போதுதான் ரோசியிடம் வாய் திறந்தேன். அவன் வேண்டாம் என்றான், நான்தான் அனுப்பினேன் என்றேன். அவள் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"தெரியும் மதினி. 'அக்கா சொல்லுது, போயிட்டு வந்துருதேன்'னு போன்ல சொல்லிட்டுத்தான் கெளம்புனாரு. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு இத்தன நாளா பாத்துட்டு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை. மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை. மிச்சக் காரட்டைக் கழுவி முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெனியைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். அங்கே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குச் சேர்கிறாளாம். பஸ்ஸில் ஏறும்போது, "நீ வரலையா அத்தை?" என்று உன் மகள் கேட்டாள். ரோசி அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பீட்ரூட் போடுகிற பருவம் இது. விதைப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. போட்டால் பிடுங்க யார் இருக்கிறார்கள்? தொட்டியில் எதிர்ப்பக்கம் யார் நிற்பார்கள்? இனி இந்தக் காட்டில் எனக்கு என்ன இருக்கிறது அருள்?

ஜெனிக்கு ஆறு வயது. அப்பா ஏன் அந்த மழையில் போனார் என்று ஒரு நாள் கேட்பாள். அதை அவள் வேறு யார் வாயிலிருந்தும் கேட்க விடமாட்டேன். நானே போய், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அதற்கப்புறம் அவள் என்னை அத்தை என்று கூப்பிடாவிட்டாலும் சொல்லுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா அக்கா