முதல்லேருந்தே புரியல

சிதம்பரம்
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். நீங்களும் நம்ம பாப்பாவும் உங்க அக்கா சிந்துஜா அண்ணியும் எப்படி இருக்கீங்க? போன தடவ நான் கிளம்பினப்ப பாப்பாவுக்கு அழுது அழுது காய்ச்சல் வந்துடுச்சு. அதனால பரீட்சை முடியுற வரைக்கும் ஊருக்கு வரவும் வேணாம், போனும் வேணாம்னு முடிவு பண்ணினோம். லெட்டர்லயாவது பேசலாம்னு எழுதுறேன்.

நம்ம கல்யாணத்தோட நின்ன படிப்புல நீங்கதான் திரும்பச் சேத்து விட்டீங்க. தினமும் பஸ்ல வந்து போனா புத்தகத்தைத் தொடவே முடியலன்னு ஹாஸ்டல்ல சேந்தேன். இப்ப நேரம் இருக்கு, மண்டையிலதான் ஏற மாட்டேங்குது. கணக்குல இன்டகிரேஷன்னு ஒரு பாடம், அதுல ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு முறை. பாத்ததும் எதுக்கு எதுன்னு தெரிஞ்சிடும்ங்குறாங்க மேடம். எனக்குத் தெரியல. நேத்து ஒரு கணக்க ரெண்டு பக்கம் போட்டேன். கடைசியில ஆரம்பிச்ச கணக்கே திரும்ப வந்து நிக்குது. தப்புன்னு அடிச்சிட்டேன். ஆனா அது வரைக்கும் சரிதானாம். அதை சமக்குறிக்கு இந்தப் பக்கம் கொண்டாந்து ரெண்டால வகுத்தா விடையாம். கெளம்புன எடத்துக்கே வந்தது எப்படி மாமா சரியாவும்?

டெஸ்ட்ல ஃபெயில். விட்டுட்டு வந்துடட்டுமா?

லேகா

கடலூர் முதுநகர்
10.2.2025

அன்பு லேகாவுக்கு,

உன் லெட்டர பட்டறையில வச்சுப் படிச்சேன். கணக்கு ஒண்ணும் விளங்கல. பாப்பா நல்லா சாப்புடுறா. அழுவறது நின்னுபோச்சு.

ஒண்ணு சொல்லணும். எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மனசா இருந்துச்சு. அக்காவ பாப்பா அம்மான்னு கூப்புட ஆரம்பிச்சிருக்கா. அத்தைன்னு சொல்லுன்னு அக்காவும் சொல்லிப் பாக்குது. கேக்கல.

வந்துடட்டுமான்னு கேட்டிருக்க. வான்னும் சொல்லத் தெரியல, இருன்னும் சொல்லத் தெரியல.

கதிர்வேல்

சிதம்பரம்
17.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க லெட்டரப் படிச்சதும் பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். கடலூர் பஸ்ல ஏறி உக்காந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தாரு. எறங்கிட்டேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது.

மறுநாள் கிளாஸ்ல டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்னு அடுத்த பாடம் ஆரம்பிச்சாங்க. பாதியில எந்திரிச்சு, "புரியல மேடம்"னு சொல்லிட்டேன். எதுலேருந்துன்னு கேட்டாங்க.

"முதல்லேருந்தே."

எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா இன்னும் நாலு பேரு எந்திரிச்சாங்க. மேடம் போர்ட அழிச்சிட்டு இன்டகிரேஷனையே மறுபடி தொடங்கினாங்க. எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். எங்க புரியலன்னு இப்பத் தெரியுது, அவ்வளவுதான்.

படிப்ப விடல. ஆனா மார்ச் ஒண்ணாம் தேதியிலேருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். பாப்பா அழுதாலும் வருவேன். வேணாம்னு சொல்லாதீங்க.

லேகா

கடலூர் முதுநகர்
21.2.2025

அன்பு லேகாவுக்கு,

நீ படிப்ப விட்டுட்டு வர்றேன்னு எழுதுவன்னு நெனச்சேன். அப்படி எழுதணும்னுதான் பாப்பா விஷயத்த எழுதினேனான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன். இருக்கலாம். தெரியல.

வா. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கண்டிப்பா கிளம்பிடணும். அவ அழுவா. திரும்பிப் பாக்காம பஸ் ஏறு. நான் பாத்துக்குறேன்.

கதிர்வேல்