சொல்லாமல் விட்ட சாரணை

என் பிலோமினா,

நம் ஊர் தாழ்வுபாட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதித் தொடங்க இன்றைக்கு முடியவில்லை. ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்து எழுதுகிறேன். உள்ளே எங்கள் மகள் ஜசிந்தா. ஆறாம் மாதம். இரண்டு தரம் தங்காமல் போய் வந்த பிள்ளை இது. எல்லாம் நீ கண்மூடிய பிறகு நடந்த, நீ அறியாத புதினம்.

நேற்றுத் தவக்கால வெள்ளி. நீ செய்துவந்ததுபோல மீன்மச்சமில்லாமல் சமைக்க நினைத்தேன். யாரும் நடாமலே வேலியோரம் சாரணைக் கீரை படர்ந்து கிடந்தது. பிஞ்சு இலையாகப் பார்த்து ஆய்ந்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு வறை செய்தேன். "அம்மா செய்யிற மாதிரியே இருக்கப்பா" என்று ஜசிந்தா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். எனக்குப் பெருமை.

கருவாடு திருப்பிப்போட வந்த பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா, கிணற்றடியில் நான் எறிந்த தண்டுகளைக் கண்டா.

"தம்பி, பிள்ளைத்தாச்சிக்குச் சாரணையே குடுத்தனீர்? கருவைக் கலைக்கிற இலையெல்லோ அது! ஊர்ப் புதினமெல்லாம் பேப்பரில எழுதினீர், உம்மட சட்டிக்குள்ள கிடக்கிறது என்னெண்டு தெரியேல்லையே?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஜசிந்தா உன் வயிற்றில் இருந்த தவக்காலம் முழுக்க முருங்கையிலைதான் சமைத்தாய். "சாரணை எங்கே?" என்றேன். "இந்த வருசம் இல்லை" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

பின்னேரம் அவளுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. ஓட்டோவில், "பிள்ளை அசையுதா?" என்று கேட்டேன். "தெரியேல்லை அப்பா."

பிள்ளையின் துடிப்புக் கேட்கிறது என்றார் டாக்குத்தர். ஆனாலும் வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்து வைத்திருக்கிறார். "என்ன சாப்பிட்டவா?" என்று கேட்டார். "சோறும் மரக்கறியும்" என்றேன். ஜசிந்தா என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் தலையாட்டினாள். அப்பனை வெட்கப்பட விடக்கூடாது என்று நினைத்தாளாக்கும்.

காலையிலும் வயிற்று நோ வந்து வந்து போகிறது. காரணம் பிடிபடவில்லையாம். அந்த இலைதானா, வேறெதுவுமா? ரெஜினா அக்கா சொன்னது சரியா? எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைத்தான் மறைத்தேன்.

டாக்குத்தர் வார்ட்டுக்குள் போகிறார். நானும் எழும்புகிறேன். எந்த இலை, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு, ஆய்ந்தது யார் என்று எல்லாம் சொல்வேன். மகளுக்கு முன்னாலேயே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மனிசன்,
ஜசிந்தாவின் அப்பா