ஒரே மூச்சில் பார்த்தவர்கள்

டுமகெட்டே
17 ஏப்ரல் 2023

அன்புள்ள அம்பாரோ,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கைப்பேசியில் என்னைத் தடுத்துவிட்டாய். அதனால் உன் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். பதினொரு வருடம் கழித்து உன் புருஷன் எழுதும் முதல் கடிதம் சண்டைக் கடிதமாகிவிட்டது என்றால் அதற்கு நீதான் காரணம்.

புனித வாரத்தில் நீ எழுதிய டிவி தொடர் முழுவதையும் ஒரே நாளில் வெளியிட்டுவிட்டார்கள். கடைகள் மூடியிருந்தன, ஊரே வீட்டில் கிடந்தது. வியாழக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் சனிக்கிழமைதான் எழுந்தார்கள். ஈஸ்டர் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில், பக்கத்திலிருந்த பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் ரெனாத்தோ தையல்காரனாம். இடது காதுக்குக் கீழே மச்சம், வேலை செய்யும்போது மூக்கால் பாட்டு, எதற்கெடுத்தாலும் "தோ வந்துட்டேன்" என்று ஒரு பேச்சு. அது யார் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? என் சலூனில் ஒருவர் பாதிச் சவரத்தில் எழுந்துவிட்டார். "பிரசவ வார்டுல பொண்டாட்டிய விட்டுட்டு ஓடினவன் கையில கத்தி. அவன்கிட்ட நான் கழுத்தக் குடுக்கணுமா?" என்று நுரையோடு தெருவில் இறங்கிப் போனார்.

இப்போது என்னோடு குடித்தனம் நடத்தும் டெலியா ஒரே மூச்சில் பார்த்து முடித்தாள். "அந்தக் கொழந்த செத்துப்போச்சுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். துணிமணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அம்பாரோ, எனக்கு அப்போது சின்ன வயது. பயந்துவிட்டேன். இரண்டாம் பாகம் எழுதுகிறாயாமே. அதில் ரெனாத்தோவுக்கு ஒரு காட்சி கொடு. ஏன் போனான் என்று அவன் வாயால் சொல்லவிடு.

நெஸ்தோர்


கேசோன் சிட்டி
2 மே 2023

திரு. நெஸ்தோர் வில்யாருஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமே.

கஞ்சி வாங்கி வருவதாகச் சொல்லிப் போனீர்கள். நர்ஸ் வந்து, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் "கஞ்சி வாங்கப் போயிருக்கார்" என்றேன். மறுநாள் குழந்தை போன பிறகும் அதையேதான் சொன்னேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிரைசிக்கிளில் கல்லறைக்குப் போனேன். ஓட்டியவர் வழிநெடுக ஹாரன் அடிக்கவே இல்லை. முன்பின் தெரியாத மனிதர்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியிடச் சொன்னது நான்தான். வாரம் ஒன்றாக விட்டால் ஆட்களுக்கு நடுவில் பேச நேரம் கிடைக்கும். "பாவம், அவனுக்கும் என்ன கஷ்டமோ" என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். மூன்று நாள் எழுந்திருக்காமல் பார்ப்பவர்கள் அந்த வீட்டிலேயே குடியிருந்தவர்களைப் போல ஆகிவிடுவார்கள். அந்த வார்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் போல. அப்படி ஒரு ஊரே உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பார்த்தது.

காட்சி கிடையாது.

அம்பாரோ


டுமகெட்டே
28 ஜூலை 2023

அன்புள்ள அம்பாரோ,

உனக்கு ஒரு நல்ல செய்தி. ஊர் உன்னை மறந்துவிட்டது.

இப்போது எல்லோரும் ஏதோ கொரியாக்காரி கதையில் விழுந்து கிடக்கிறார்கள். அதையும் இரண்டு நாளில் விழுங்கிவிட்டார்கள். நுரையோடு ஓடினாரே, அவரே நேற்று வந்து நாற்காலியில் சாய்ந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தத் தையக்காரன் கதை கடைசியில என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"எந்தத் தையக்காரன்?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட, அதுவா? அவ பேரு என்ன, ரோசாவா? நெனப்பில்லண்ணே. நீ மீசைய ஒதுக்கு" என்றார்.

உன் அழுகை, குழந்தை, கல்லறை எல்லாம் அவ்வளவுதான். வேகமாகத் தின்றார்கள், வேகமாகச் செரித்துவிட்டார்கள். டெலியாவும் திரும்பி வந்துவிட்டாள். என்னைக் கெடுக்க எவ்வளவு பாடுபட்டாய்! ஒரு கோடை கூடத் தாங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெஸ்தோர்


கேசோன் சிட்டி
12 ஆகஸ்ட் 2023

திரு. வில்யாருஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கிழித்துப்போடப் போனேன். இரண்டாம் முறை உங்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. நீங்கள் எழுதியிராவிட்டால் என் தவறு எனக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் கடிதத்தோடு நேராகத் தயாரிப்பாளர் அறைக்குப் போனேன். "என்னம்மா, இருந்தாப்ல இருந்து வாரம் ஒண்ணுங்கற? சனங்களுக்குப் பொறுமை கெடையாது" என்றார். "காக்க வச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். பேசி முடித்துவிட்டோம். செப்டம்பரில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை வெள்ளிக்கிழமைகளில் ஒன்று.

நீங்கள் கேட்ட காட்சியையும் கொடுத்துவிட்டேன். முதல் வெள்ளிக்கிழமையே ரெனாத்தோ அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். தன் காரணத்தைச் சொல்லத் தொடங்குகிறான். உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊர் உங்களுக்காக இரக்கப்படட்டும், வாதாடட்டும். இனி அதற்கு நான் பயப்படவில்லை. மறக்க மட்டும் விடமாட்டேன்.

இதுவே என் கடைசிக் கடிதம்.

அம்பாரோ


டுமகெட்டே
11 நவம்பர் 2023

அன்புள்ள அம்பாரோ,

ஆகஸ்டுக்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இதற்காவது எழுது.

சனிக்கிழமை ஆனால் சலூனில் உட்கார இடமில்லை. முடி வெட்ட வருகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். "அண்ணே, கதவத் தொறப்பாளா?" என்று என்னையே கேட்கிறார்கள். நுரைக்காரர் இப்போது என் கட்சி. "இத்தன வாரமா நிக்கிறான்யா, தொறந்துதான் ஆகணும்" என்கிறார். மீன்காரி எதிர்க்கட்சி. "நிக்கட்டும். அவ படுத்துக் கெடந்தப்ப இவன் நின்னானா?" என்கிறாள். இருவரும் சண்டை போட்டுவிட்டு, ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். டெலியா வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் படுத்துக்கொள்கிறாள். தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்று ரெனாத்தோ சொல்லி முடித்தான். நான் உன்னிடம் சொல்ல வைத்திருந்த வார்த்தைகள். யாரிடமும் நான் சொன்னதில்லை அம்பாரோ, உனக்கு எப்படித் தெரிந்தது? உள்ளே அவள் எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். அங்கே நிறுத்திவிட்டாய்.

காலையிலிருந்து இரண்டு பேருக்குக் காதைக் கீறிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரை என்னால் முடியாது.

திறந்தாளா? அதை மட்டும் ஒரு வரி எழுது.

நெஸ்தோர்