கண்ணாடியில் கண்ட சைன்

1936 பங்குனி, செவ்வாய் இரவு. ஸ்ரீரங்கம்.

கணக்குப் பரீட்சை முடிந்தது. போன வருஷம் நான் தோற்றது இதே கணக்கில்தான். "இந்தத் தடவையும் போச்சுன்னா ரயில்வேல வேலைக்குச் சொல்லி வச்சுடறேன்" என்று அண்ணா நேற்றே சொல்லியாயிற்று.

கோணத்துக்கு மைனஸ் போட்டால் சைன், கொசைன் இரண்டில் எது குறி மாறும் என்பதில் எனக்கு எப்போதும் தகராறு. எத்தனை உருப்போட்டாலும் ஹாலில் உட்கார்ந்ததும் புரண்டுவிடும்.

காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று திருமண் இட்டுக்கொண்டேன். கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டியும் திருமண் அப்படியே இருந்தது. சாய்வாகக் கிடந்த பூணூல் மட்டும் வலத் தோளுக்குப் போயிருந்தது. அமாவாசையன்று அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணும்போதுதான் அப்படி மாற்றிக்கொள்வேன். ஒரு கணம் திக்கென்றது. பிறகுதான் உறைத்தது, இப்படி இடம் வலம் திருப்புவதுதான் கோணத்துக்குப் போடும் மைனஸ். திருமண் கொசைன், நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே உயரம், திருப்பினாலும் மாறாது. பூணூல் சைன், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது, திருப்பினால் ஏற்றம் இறக்கமாகிக் குறி மாறிவிடும்.

மன்னி எட்டிப் பார்த்து, "பரீட்சைக்குப் போறவன் கண்ணாடியில என்னத்தைப் பாத்துண்டு நிக்கறே?" என்றாள்.

திருச்சியில் பரீட்சை ஹாலில் முதல் கேள்வியே அதுதான். கண்ணை மூடிக் கண்ணாடியை நினைத்தேன். கை தானாக எழுதியது.

சாயங்காலம் "எப்படி எழுதினே?" என்று கேட்டதோடு சரி, ரயில்வே பேச்சை அண்ணா எடுக்கவே இல்லை.

வருகிற அமாவாசையன்று அப்பாவிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. பூணூலை மாற்றும்போது சிரிப்பு வராமல் இருக்க வேண்டும்.