சூடு தெரியுதா என்று கேட்டவன்

தென்காசி
14.7.63

சிரஞ்சீவி முத்துக்குமாரசாமிக்கு அம்மா எழுதுவது. உலகம்மன் புண்ணியத்தில் நீயும் முத்துவடிவும் பிள்ளையும் வடக்கே பிலாயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, எழுத மனசு வரவில்லை. உன் அப்பாவின் இடது காலை வேகவைத்துவிட்டார்கள். கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் கொப்புளம், சுண்டுவிரல் கறுத்துப்போய்க் கிடக்கிறது. படித்துவிட்டு உடனே பலவேசத்துக்குக் காயிதம் போட்டு விசாரிக்கலாம் என்று உட்காராதே, நான் சொல்வதை முழுக்கப் படி.

நீ பேசி ஏற்பாடு செய்த பலவேசத்தை நான் குறை சொல்லமாட்டேன், முதல் இரண்டு மாதம் அவன் ஒத்தடம் கொடுக்க ஒழுங்காகத்தான் வந்தான். உப்பை வறுத்து மூட்டை கட்டினால் முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்ப்பான், பிறகு உன் அப்பாவின் நல்ல காலில் வைப்பான், அதற்குப் பிறகுதான் பக்கவாதத்தில் விழுந்துபோன காலுக்குக் கொண்டுபோவான். ஆனி பிறந்து சாரல் விழுந்ததோ இல்லையோ ஆள் குற்றாலத்துக்குப் பறந்துவிட்டான். அங்கே அருவிக்கு வருகிறவன் எல்லாம் எண்ணெய் தேய்க்க முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறானே, அதை விட்டுவிட்டு நம் வீட்டு நோயாளிக்கு வருவானா. தனக்குப் பதிலாக மச்சினன் நல்லதம்பியை அனுப்பிவிட்டான், அவனும் எங்க வீட்டு ஆளுதான் ஆச்சி, நல்ல கை என்று சொல்லியனுப்பினான். அந்த நல்ல கை அதுவரைக்கும் சோடாக் கடையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தது. எனக்கு இது சரிப்படாது என்று போன மாதமே உனக்கு எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய், அம்மா நீ குறுக்கே நிற்காதே, அவர்கள் தொழில் தெரிந்தவர்கள், பக்கத்தில் நின்று தொணதொணக்காதே என்று எழுதினாய். சரி, மகன் சொல்லிவிட்டான் என்று நான் அடுப்படியோடு இருந்துகொண்டேன். அடுப்படியிலும் எனக்கு வேலைக்கா குறைச்சல், உன் மாமனார் வீட்டார் சீசன் குளிக்க வந்து இறங்கியிருந்தார்கள், அருவியிலிருந்து பசியோடு வருகிறவர்களுக்குத் தோசை வார்த்து மாளவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சாரல் காற்று ஊசியாகக் குத்தியது. குளிருதே என்று அந்தப் பயல் உப்பை இன்னும் நன்றாக வறுத்திருக்கிறான். மூட்டையைத் தன் கையில் வைத்துப் பார்க்கவில்லை, துணி முடிச்சைப் பிடித்துத் தூக்கி அப்படியே செத்த காலில் வைத்துவிட்டு, சூடு தெரியுதா பெரியவரே என்று கேட்டிருக்கிறான். கேட்டது எனக்கும் அடுப்படியில் காதில் விழுந்தது. தெரியுது, தெரியுது, இன்னும் கொஞ்சம் வைலே என்று உன் அப்பா சொன்னதும் விழுந்தது. அடடா, உணர்ச்சி வந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன் பார். சாயங்காலம் ஈரத்துணியால் காலைத் துடைத்தேன், தோல் துணியோடு வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்து காலைப் பார்த்தார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஏன் இப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கத்திவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே, நம்ம பய ஒவ்வொரு காயிதத்திலயும் உணர்ச்சி வந்துட்டா வந்துட்டான்னு கேக்கான், வரலை வரலைன்னு எத்தனை தடவைட்டி எழுதுவேன் என்றார். உனக்குப் போன மாதம் அவர் தன் கையால் எழுதிய கார்டில் கால் தேறிவருகிறது என்று இருந்ததே, அதுவும் இதே கதைதான். உனக்கு எழுதின பொய்யை வீட்டிலும் காப்பாற்ற வேண்டும் என்று அந்தப் பயலிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

பலவேசம் மறுநாள் வந்து வாசலில் நின்றான். சீசன் ரெண்டு மாசந்தான் எங்களுக்குப் பொழைப்பு ஆச்சி, மச்சினன் பாத்துக்கிடுவாம்னு நெனச்சேன் என்றான். உன் பொழைப்புக்கு என் வீட்டுக்காரர் காலா கிடைத்தது என்று வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பிவிட்டேன். டாக்டர் இரண்டு தரம் வந்து பார்த்தார். சர்க்கரை உடம்பு, புண் ஆறுவது கஷ்டம், வியாழக்கிழமைக்குள் கறுப்பு மேலே ஏறினால் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் விரலை எடுக்க வேண்டும், தாமதித்தால் விரலோடு நிற்காது என்று சொல்லிவிட்டார். நேற்று வந்த உன் காயிதத்தில், கால் இன்னும் சீக்கிரம் தேற மதுரையிலிருந்து சர்டிபிகேட் உள்ள ஆள் ஒருவனை அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக அனுப்பு. ஆனால் பேசின ஆள் அவனேதான் வர வேண்டும், மாமன் மச்சான் எவனும் வரக்கூடாது. என் முன்னால் கை கழுவ வேண்டும். மூட்டையை முதலில் அவன் முன்கையில் நானே வைப்பேன், பொறுத்துக்கொண்டால் பிறகு பார்க்கலாம். நான் பக்கத்திலேயே நிற்பேன், தொணதொணப்பேன். இதற்கு ஒத்துக்கொள்ளாதவன் கலெக்டர் சிபாரிசில் வந்தாலும் வாசப்படி ஏற விடமாட்டேன்.

ஆனால் அவன் வருவதற்கு முன்னால் நீ வந்து சேர வேண்டும். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆள் அனுப்புவதும் கேள்வி கேட்பதும் போதுமய்யா. இனி உணர்ச்சி வந்துவிட்டதா என்று ஒரு வரி எழுதினாயானால் அந்தக் காயிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன். வந்து உன் கையால் அந்தக் காலைத் தொட்டுப் பார். முத்துவடிவையும் பிள்ளையையும் அங்கேயே விட்டுவிட்டு வா, வழியில் பிள்ளைக்கு மழைத்தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. நீ மப்ளர் எடுத்துக்கொள். என்ன கோபம் இருந்தாலும் என் பிள்ளைகள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் தானும் இரண்டு வரி எழுதுவேன் என்று உன் அப்பா கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். எழுதட்டும். நீ அதை நம்பாதே.

உன் அம்மா,
வடிவம்மாள்

முத்து, கால் நல்ல தேவலை. இன்று லேசாகச் சூடு தெரிகிறது. அம்மா பயந்துபோய் எழுதுகிறாள். லீவை வீணாக்காதே.
– அப்பா