பதினொன்றாவது பட்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஓர் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வாயால் உனக்கு வந்து சேர்ந்தால் இன்னும் கேவலம். போன செவ்வாய்க்கிழமை மதியம் நம் கடையின் ட்ரையல் ரூமுக்குள் இருபது நிமிடம் ஒளிந்து நின்று, உன் மகள் ஒருவனோடு பேசுவதை ஒட்டுக்கேட்டேன். ஐம்பது வயதில் செய்கிற வேலையா இது என்று கேட்பாய். அதைவிடப் பெரிய வெட்கம், அந்தத் திரை முழங்கால் வரைதான் தொங்கும். துணியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அப்படித் தைத்தவனும் நானே. என் இரண்டு கால்களும் இருபது நிமிடமும் கடைக்குக் காட்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கின்றன. போகும்போது அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாமா, கால் மரத்துப் போயிருக்கும், வெளிய வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என்னை மாமா என்று கூப்பிட அவன் யார் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன். உன் மகள் சுவரோடு சுவராக நின்று கேட்பாள். நம் குடும்ப வியாதி அப்படி.

அலமாரிக் கோடியில் தொங்குமே ஒரு கறுப்புக் கோட்டு, நினைவிருக்கிறதா? தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்காரர் தன் கல்யாணத்துக்கென்று நம் அப்பாவிடம் தைக்கக் கொடுத்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் ஆளையே காணோம். ரசீதோடு யார் வந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்று அப்பா கண்ணை மூடுகிறவரை அதைத் தள்ளிவிட ஒப்பவில்லை. நாற்பத்தொரு வருடம் ஆகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில் இவன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் குடை இல்லை, காலில் ஷூ நனையவில்லை. மஞ்சளாய்ப் போன ரசீதை மேஜைமேல் வைத்து, கோட்டு ரெடியா என்று கேட்டான், போன வாரம் கொடுத்தவன் மாதிரி. டீக்கடை நாய் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அது இடிக்குக்கூட எழுந்திருக்காத நாய்.

பழைய துணியைக் கொடுக்கும் முன் ஆளை மறுபடி அளக்க வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். டேப் பிடித்தது உன் மகள். மார்பை இரண்டு தடவை எடுப்போம், மூச்சை இழுத்து ஒன்று, விட்டு ஒன்று. எப்பேர்ப்பட்ட நோஞ்சானுக்கும் ஓர் இஞ்சாவது நகரும். அவனுக்கு நகரவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. கொஞ்சம் மூச்சு விடுங்க என்றாள். விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்றான். அவள் டேப்பைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். நான் டேப்பைப் பார்த்தேன்.

பிறகு கோட்டைப் போட்டான். தோள், கை, இடுப்பு, ஓரிடத்திலும் ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. அவன் பிறப்பதற்கு முன்னால் வேறொருவருக்கு எடுத்த அளவு, அக்கா. பழைய அளவு நோட்டைப் பார்த்துடலாமே மாமா என்றாள் உன் மகள். கரையான் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தப் பெரிய வீட்டில்தான் இருக்கிறான். மாடி ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருக்கிறது. நம் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற அம்மா விசாரித்துவிட்டு, அந்த வீட்டுக்காரரோட அண்ணன் பேரனாம், வீட்டை விற்க வந்திருக்கானாம் என்றாள். அப்படியானால் மூச்சு ஏன் நகரவில்லை என்று கேட்டேன். அந்த அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வயசுப் பொண்ணு அவ்வளவு கிட்ட வந்து நின்னா எவன்யா மூச்சு விடுவான்? நீ ஒரு பொண்ணு கிட்ட நின்னிருந்தாத்தானே தெரியும்" என்றாள். சம்பளம் கொடுத்து இந்த வாயை வைத்திருக்கிறேன்.

உன் மகள் சரியில்லை. மூன்று மணிக்குக் கண்ணாடிக் கதவு பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். பேங்க் மேனேஜர் கோட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தாள். திட்டினால் சிரிக்கிறாள். அவன் கை ஐஸ் மாதிரி இருக்கிறதாம். அதைப் பயந்து சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கிறாள். திரைக்குப் பின்னால் நான் கேட்டதும் இதுதான்: அந்தக் கோட்டில்தான் கல்யாணம், கோட்டு கைக்கு வந்த மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீஸ், அன்றைக்கே இந்த ஊரை விட்டுக் கிளம்புவது. வர்றியா என்று கேட்டான். வர்றேன் என்றாள். இருபது வயதாகிறது. காதைப் பிடித்துத் திருகவும் முடியாது.

இதைத் தள்ளிப்போட என் கையில் இருப்பது ஒரே ஆயுதம். அளவு பார்த்த அன்றே, பழைய பட்டன்கள் விரிசல் விட்டுவிட்டன, மாற்ற வேண்டும் என்று கோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். முன்பக்கம் மூன்று, கைக்கு நான்கு நான்காக எட்டு, மொத்தம் பதினொன்று. அவன் வருகிறபோதெல்லாம் ஒன்றே ஒன்று தைத்துக் காட்டுகிறேன். இந்தத் தொழிலில் இவ்வளவு மெதுவாக யாரும் பட்டன் தைத்ததில்லை. அவன் கோபப்படுவதில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான், இமைகூடக் கொட்டாமல். நேற்று பத்தாவது முடிந்தது.

நீ வந்து அவனை ஒருமுறை நேரில் பார். அவன் மனிதன்தான் என்று நீ சொன்னால் பதினொன்றாவதை நானே தைத்து, கோட்டை இஸ்திரி போட்டுக் கையில் கொடுக்கிறேன். அவள் போய்விட்டால் கடையில் நானும் துணி மாட்டும் பொம்மையும்தான் என்பதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. பொம்மையோடு எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: அளவு நோட்டைக் கரையான் தின்னவில்லை, என் பெட்டியில்தான் இருக்கிறது. அதன்படி பெரிய வீட்டுக்காரரின் மார்பு நாற்பத்தாறு. கோட்டைப் பிரித்து முப்பத்தெட்டாகக் குறைத்தது நான், இருபத்தெட்டு வயதில், எனக்காக. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வீட்டு வாசல்வரை போனேன். கதவைத் தட்டவில்லை.