பாதி மாத்திரை

மயிலாப்பூர்,
14.8.1997

அப்பாவுக்கு மாதேஸ்வரியின் வணக்கம். முட்டிவலி இப்போது பரவாயில்லையா? நான் நலம், சாப்பாட்டுக்குக் குறையில்லை.

என் ஆராய்ச்சிதான் கவிழ்ந்துவிட்டது. பயப்படாமல் படித்துவிட்டுச் சிரியுங்கள். ஆட்டின் வயிற்றில் இரட்டைக் குட்டி இருந்தால் அவற்றுக்கு ஆக்ஸிஜன் பற்றாமல் போகலாம். அந்தப் பாதிப்பை வைட்டமின் ஈ தடுக்குமா என்று பார்க்க, அடையாற்றங்கரையில் பாஞ்சாலி அக்கா வளர்க்கும் இருபது சினையாடுகளில் பத்துக்கு மட்டும் மாத்திரை கொடுக்கச் சொல்லியிருந்தேன். மற்ற பத்தோடு ஒப்பிட்டால்தானே பலன் தெரியும்?

நேற்றுப் போய்க் கேட்டால், இரண்டு மாதமாக ஒவ்வொரு மாத்திரையையும் பாதியாக உடைத்து இருபதுக்கும் கொடுத்திருக்கிறார்!

“இன்னாம்மா நீ, ஒரே வூட்ல ரெண்டு புள்ளத்தாச்சி கீறாங்கன்னா, ஒருத்திக்குச் சோறு போட்டுட்டு இன்னொருத்திய வேடிக்க பாக்கவுடுவியா?” என்றார்.

எனக்கு வழிகாட்டும் பேராசிரியரோ, “பத்துக்குக் கொடுத்ததாவே எழுதிடும்மா, யாருக்குத் தெரியப்போவுது?” என்றார்.

“எனக்குத் தெரியும் சார்” என்றேன். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு ஆடுகளோடு முதலிலிருந்து தொடங்கி முடிக்க இன்னும் ஒரு வருடம் ஆகும். ஆகட்டும். ஆட்டைப் பார்க்கப் பட்டணம் எதற்கு, திரும்பி வந்துவிடு என்று மறுபடி எழுதாதீர்கள். வரமாட்டேன்.

கேழ்வரகு மாவு கொஞ்சம் அனுப்புங்கள். பொட்டலத்தை நீங்களே கட்டுங்கள். உங்கள் முடிச்சை நான் நிதானமாக அவிழ்த்துக்கொள்வேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இதோடு கடையில் வாங்கிய மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. நம் சினையாடுகளுக்குக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுங்கள், ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

மாதேஸ்வரி